இரு தண்ணீர் நாடகங்களும் ஒரு தோட்டத்துக் குழாயும்

நம் புலவர்கள் மழையைப் பாடினார்கள். வள்ளுவர் கடவுள் வாழ்த்தை முடித்த கையோடு வான்சிறப்பைச் சொல்லப் புகுந்தார். இளங்கோவடிகள் திங்களையும் ஞாயிற்றையும் வாழ்த்தியதோடு நில்லாமல் மழையையும் வாழ்த்தியே தம் காப்பியத்தைத் தொடங்கினார். காவிரியையும் வையையையும் பாடியவர்களுக்குக் கணக்கே இல்லை. ஆனால், இவ்வளவு பெரிய இலக்கியச் செல்வத்தில் குழாயைப் பாடிய புலவர் ஒருவரேனும் உண்டோ என்று தேடினால் நமக்கு ஏமாற்றமே மிஞ்சுகிறது. மழையை யாரும் யாருக்கும் மறுக்க முடியாது. குழாய்த் தண்ணீர் அப்படியன்று. அதனை ஒருவர் திறந்துவிட வேண்டும். ஒருவர் சுத்தப்படுத்த வேண்டும். அதற்கு ஒருவர் பணம் கொடுக்க வேண்டும். இவை யாவும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஆகவே, தண்ணீர் குழாய்க்குள் புகுந்த கணமே அரசியலும் அதனுடன் புகுந்துவிடுகிறது. பாட்டுக்கு அடங்காத இவ்விஷயத்தை நாடகமே துணிந்து ஏற்றுக்கொண்டது என்பது நமது அபிப்பிராயம்.

அவ்வாறு ஏற்றுக்கொண்ட நாடகங்களுள் இரண்டை எடுத்துக்கொண்டு, அவை தண்ணீரைப்பற்றியும் சர்க்காரைப்பற்றியும் நமக்கு என்ன சொல்லுகின்றன, எங்கே சொல்லத் தவறுகின்றன என்று மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம். ஒன்று, நார்வே தேசத்து ஹென்ரிக் இப்ஸன் 1882-ஆம் ஆண்டில் எழுதிய 'மக்கள் பகைவன்'. மற்றொன்று, கோமல் சுவாமிநாதன் எழுதி 1980-ஆம் ஆண்டில் மேடையேறிய 'தண்ணீர் தண்ணீர்'. நாம் பண்டிதர் அல்லோம். கெடா மாநிலத்துத் தோட்டமொன்றில் கணக்கெழுதும் கிராணி. ஆங்கிலப் பள்ளியில் படித்த காரணத்தால் இப்ஸனை முதலிலும் கோமலைப் பின்னரும் அறிந்தோம். இவ்வரிசை நமக்குப் பெருமை தருவதன்று என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

இப்ஸனின் கதை இது. கடற்கரைச் சிற்றூர் ஒன்றில் நோயாளிகள் வந்து நீராடி உடம்பைத் தேற்றிக்கொள்வதற்கென ஒரு குளியல் நிலையம் கட்டியிருக்கிறார்கள். ஊரின் வாழ்வே அதனால்தான் என்று எல்லோரும் நம்புகிறார்கள். அந்நிலையத்து வைத்தியர் டாக்டர் ஸ்டாக்மன். வந்துபோகும் நோயாளிகளுக்கு விஷசுரமும் வயிற்றுக் கோளாறும் காண்பதைக் கண்டு ஐயுற்று, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புகிறார். மேட்டிலிருக்கும் தோல் பதனிடும் சாலைகளின் கழிவு குழாயில் கலக்கிறது என்று பதில் வருகிறது. குழாயை மேட்டிலிருந்து கொண்டுவர வேண்டும் என்று அவர் முன்னமேயே சொன்னார், நிர்வாகத்தார் கேட்கவில்லை. இப்பொழுது உண்மையை வெளியிட்டால் ஊர் தம்மைக் கொண்டாடும் என்று எண்ணுகிறார். நகரசபைத் தலைவரோ அவருடைய சொந்தத் தமையன் பீட்டர். அவர் உண்மையை மறைக்கச் சொல்லுகிறார். பத்திரிகை முதலில் டாக்டரின் பக்கம் நின்று பின்னர் புரண்டுவிடுகிறது. கடைசியில் பொதுக்கூட்டம் கூடி டாக்டரையே 'மக்கள் பகைவன்' என்று தீர்மானம் செய்கிறது.

இந்நாடகத்தின் முதல் மூன்று அங்கங்களுக்கு இணையான அரசியல் பாடத்தை நாம் வேறெங்கும் படித்ததில்லை. ஏனெனில், இப்ஸன் நகரசபைத் தலைவரை ஓர் அரக்கனாகக் காட்டவில்லை. அவர் கணக்குப் பேசுகிறார். குழாயை மாற்றிப் பதிக்க இவ்வளவு பெருந்தொகை ஆகும். வேலை முடிய இரண்டு ஆண்டு பிடிக்கும். அவ்விரண்டு ஆண்டும் நிலையம் மூடிக்கிடக்கும். அதற்குள் அடுத்த ஊரார் நம் வியாபாரத்தைப் பிடித்துக்கொள்வார்கள் என்கிறார். இதில் ஒரு வார்த்தையும் பொய்யன்று. கணக்கெழுதிப் பிழைக்கும் நமக்கு இது நன்றாகவே விளங்குகிறது. உலகில் அழுக்குத் தண்ணீரைக் காப்பாற்றி வருபவை பெரும்பாலும் பொய்கள் அல்ல. ஒரு பக்கத்தை மட்டும் கூட்டிய கணக்குகளே. சுத்தப்படுத்தும் செலவு பேரேட்டில் ஏறுகிறது. குடித்தவன் சுரமாய்க் கிடந்த நாள்களுக்கு எந்தப் பேரேட்டிலும் பத்தி கிடையாது.

அதனினும் நுட்பமானது ஆஸ்லாக்ஸன் என்னும் பாத்திரம். இவர் அச்சுக்கூடத்துக்காரர், வீட்டுச் சொந்தக்காரர்கள் சங்கத்தின் தலைவர், மதுவிலக்கு இயக்கத்திலும் ஈடுபட்டவர். நல்லவர். எதிலும் மிதமாக நடப்பதே குடிமகனின் முதற்கடமை என்று ஓயாமல் உபதேசிப்பவர். தமக்குப் பின்னால் பெரும்பான்மையோர் இருக்கின்றனர் என்று டாக்டருக்கு முதலில் கைகொடுக்கிறார். செலவு வீட்டுக்காரர்களின் தலையில் விழும் என்று தலைவர் சொன்ன மாத்திரத்தில் கையை இழுத்துக்கொள்கிறார். அப்பொழுதும் அவருடைய குரல் உயரவில்லை, முகம் மாறவில்லை, மிதமாகவே விலகுகிறார். இவரைப்பற்றி நாம் பின்னர்ச் சொல்ல வேண்டியிருக்கிறது. வாசகர்கள் இப்பெயரை மனத்தில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம்.

நிற்க. நான்காம் அங்கத்தில் நாடகம் தடம் புரளுகிறது என்பது நமது துணிபு. பொதுக்கூட்டத்தில் பேச எழுந்த டாக்டர் தண்ணீரை மறந்துவிடுகிறார். உண்மைக்குப் பகை பெரும்பான்மையே என்கிறார். தெருநாயையும் உயர்ந்த சாதி நாயையும் ஒப்பிட்டு, மனிதரிலும் அவ்விதமே என்று பிரசங்கம் செய்கிறார். சாதியின் பெயரால் மனிதரைத் தரம் பிரிப்பதை எதிர்த்துப் பழகிய நம்மவர்க்கு இப்பேச்சு காதில் நாராசமாக விழாமற் போகாது. 'பேய்கள்' என்ற தம் முந்தைய நாடகத்தை 1881-இல் பத்திரிகைகள் தூற்றியதனால் உண்டான கோபத்தை இப்ஸன் டாக்டரின் வாயில் ஏற்றிவிட்டார். ஆசிரியரின் கோபம் நியாயமானதே. ஆனால் அது நாடகத்தின் கண்ணை மறைத்துவிட்டது.

எதை மறைத்தது என்று கேட்டால், நோயாளியை மறைத்தது என்போம். இந்நாடகத்தில் டாக்டர் இருக்கிறார், தலைவர் இருக்கிறார், பத்திராதிபர் இருக்கிறார், கப்பல் தலைவர் இருக்கிறார், கூட்டத்தில் உளறுவதற்கு ஒரு குடிகாரனும் இருக்கிறான். அத்தண்ணீரில் மூழ்கிச் சுரம் கண்ட ஒருவரேனும் மேடையில் தோன்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை! தண்ணீரைப்பற்றிய நாடகத்தில் தண்ணீரால் கெட்டவனுக்கு இடமில்லை. அவன் வந்து நின்றிருந்தால் டாக்டர் தனி மனிதராக நின்றிருக்க மாட்டார். தன்னந்தனியே நிற்பவனே உலகில் வலியவன் என்ற அவருடைய முடிவுரைக்கும் அவசியம் நேர்ந்திராது.

இக்குறையை உணர்ந்தவர் வங்காளத்துச் சத்தியஜித் ரே. அவர் 1989-ஆம் ஆண்டில் இதே கதையைக் 'கணசத்ரு' என்ற பெயரில் திரைப்படமாக எடுத்தார். குளியல் நிலையம் அங்கே கோயிலாக மாறியது. கோயில் தீர்த்தம் நோய் பரப்புகிறது என்று டாக்டர் கண்டுபிடிக்கிறார். முடிவில் அவர் தனியராக இல்லை. அவருக்காக வாழ்த்தொலி எழுப்பும் இளைஞர்களின் குரல் வெளியிலிருந்து கேட்கிறது. சீர்திருத்தக்காரர்களாகிய நமக்கு இப்படம் விருந்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ரே எளிய பகைவனைத் தேர்ந்துகொண்டார். தீர்த்தத்தில் கிருமி வராது என்று சொல்பவனைச் சோதனைச் சாலையின் ஒரு காகிதத்தால் வாயடைத்துவிடலாம். இப்ஸனின் தலைவர் கிருமியை மறுக்கவேயில்லை என்று வைத்துக்கொண்டாலும் அவருடைய கணக்கு அப்படியே நிற்கும். மூடநம்பிக்கை ஒழிந்த ஊரிலும் குழாய் அழுக்காக இருக்கக்கூடும் என்பதை நம் இயக்கத்தார் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இனித் தமிழ் நாடகத்துக்கு வருவோம். 'தண்ணீர் தண்ணீர்' மேடையில் புகழ்பெற்று, மறு ஆண்டே கே. பாலசந்தரின் திரைப்படமாகவும் வெளிவந்து தேசிய விருதுகள் பெற்றது. அத்திப்பட்டி என்ற வறண்ட ஊர். மனுக்கொடுத்து மனுக்கொடுத்து அலுத்த மக்கள். போலீசார் தேடும் வெள்ளைச்சாமி என்ற அயலூரான் அங்கே அடைக்கலம் புகுந்து, தொலைவிலுள்ள ஊற்றிலிருந்து வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றுகிறான். பின்னர் ஊரார் தாமே ஒன்றுகூடி வாய்க்கால் வெட்டப் புறப்படுகிறார்கள். இத்தனை காலம் வராத சர்க்கார் அன்றைக்கு வருகிறது. தண்ணீர் கொடுக்க அன்று. உத்தரவில்லாமல் வெட்டாதே என்று தடுக்க!

இப்ஸன் செய்யத் தவறியதைக் கோமல் செய்தார். தாகமுற்றவர்களையே மேடையில் ஏற்றிப் பேசவைத்தார். அவர்கள் மந்தையாகப் பேசவில்லை. சண்டையிடுகிறார்கள், கேலி செய்கிறார்கள், தேர்தலைப்பற்றி வாதிக்கிறார்கள். பெண்கள் குடம் சுமந்து நடக்கும் தூரம் இந்நாடகத்தில் ஓர் அளவுகோலாகிறது. சர்க்காரின் ஒவ்வொரு வாக்குறுதியும் அத்தூரத்தைக்கொண்டு அளக்கப்படுகிறது. பெரும்பான்மையை மூடர் என்று வைதுவிட்டு எழுந்து போகும் டாக்டர்கள் எல்லோரும் அத்திப்பட்டிக்கு ஒருமுறை வந்துபோக வேண்டும்.

ஆனால், கோமலிடமும் ஒரு குறை உண்டு. அவருடைய நாடகத்தில் சட்டம் வெளியிலிருந்து மட்டுமே பார்க்கப்படுகிறது. அது ஒரு வேலி, ஒரு தொப்பி, ஒரு தடி. உத்தியோகஸ்தர்கள் வந்து வசனம் பேசிப் போகிறார்கள். உத்தரவு எந்த மேசையில் எழுதப்பட்டது, யார் எழுதினார், எழுதியவர் ஏன் வேறுவிதமாக எழுதவில்லை என்ற கேள்விகளை நாடகம் கேட்பதில்லை. பார்த்தவன் கொட்டகையைவிட்டு வெளியே வரும்போது சர்க்காரின்மீது கொதித்துப்போய் வருகிறான். அக்கொதிப்பு நியாயமானது. எனினும் நாளைக்கு எந்தச் சட்டத்தைக் கேட்பது என்று அவனுக்குத் தெரிவதில்லை. சட்டமே வேண்டாம், மண்வெட்டி போதும் என்று அவன் எண்ணிவிட்டால், மேட்டில் இருப்பவனிடமும் ஒரு மண்வெட்டி இருக்கிறது என்பதை யார் அவனுக்குச் சொல்வது?

இதற்கு நமது கெடாவே சாட்சி. உலு மூடா காடுகளில் பிறந்து வரும் மூடா ஆறு கடலுக்குப் போகுமுன் கெடாவுக்கும் பினாங்குக்கும் எல்லையாக ஓடுகிறது. பினாங்கு மாநிலம் தன் குடிநீரில் மிகப் பெரும்பகுதியை இவ்வாற்றிலிருந்தே எடுக்கிறது. காட்டைக் காப்பதால் மரவருமானத்தை இழக்கிறோம், ஆகவே ஆண்டுக்கு 5 கோடி ரிங்கிட் கொடுங்கள் என்று கெடா அரசு கேட்டது. ஆறு இயற்கையாக நம் எல்லையில் ஓடுகிறது, எதற்குக் கொடுக்க வேண்டும் என்று பினாங்கு மறுத்தது. மேட்டில் மரம் வெட்டினால் கீழே குழாயில் சேறு வரும் என்பது இரு தரப்பாரும் அறிந்ததே. இங்கே மண்வெட்டியால் தீரக்கூடியது ஒன்றுமில்லை. 2005-ஆம் ஆண்டில் மலேசிய அரசியலமைப்பைத் திருத்தி, நீர் வழங்கல் மத்திய அரசுக்கும் மாநிலங்களுக்கும் பொதுவான அதிகாரம் என்று ஆக்கினார்கள். மறு ஆண்டு நீர்ச் சேவைச் சட்டங்கள் இரண்டு இயற்றப்பட்டு, தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் ஓர் ஆணையமும் ஏற்பட்டது. ஆயினும் காடும் நிலமும் ஆறும் மாநிலத்தின் கையிலேயே நிற்கின்றன. குழாய்க்கு ஓர் எசமான், ஊற்றுக்கு வேறோர் எசமான் என்ற இந்நிலையை வைத்து எழுதக்கூடிய நாடகம் ஒன்று இன்னும் எழுதப்படாமல் கிடக்கிறது.

சட்டம் வேலை செய்ததற்கும் நம்மிடமே உதாரணம் உண்டு. செம்பனை ஆலைக் கழிவு எத்தகையது என்பது தோட்டத்தில் வாழ்ந்தவர்க்குத் தெரியும். தண்ணீரில் கலந்த கழிவை நுண்ணுயிர்கள் தின்று தீர்ப்பதற்கு எவ்வளவு பிராணவாயுவை இழுத்துக்கொள்ளும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அக்கணக்குப்படி, சுத்திகரிக்காத ஆலைக் கழிவில் லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். அது ஆற்றில் விழுந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென விதிகள் வந்தன. 1978-இல் அளவு 5,000-ஐத் தாண்டக்கூடாது என்று தொடங்கி, ஆண்டுதோறும் இறுக்கி, 1984-இல் 100 என்று நிறுத்தினார்கள். எவ்வளவு கழிவை விடுகிறாயோ அவ்வளவு லைசென்சுக் கட்டணம் என்றும் விதித்தார்கள். ஆலைகள் மூடிவிடும், ஊர் பட்டினி கிடக்கும் என்று இப்ஸனின் தலைவர் சொல்லியிருப்பார். ஆலைகள் மூடவில்லை, குளங்கள் வெட்டிக் கழிவைப் புளிக்கவைத்துச் சுத்திகரிக்கக் கற்றுக்கொண்டன, தொழிலும் வளர்ந்தது. தலைவர் ஒருபக்கமாய்க் கூட்டிய கணக்கின் மறுபக்கத்தை ஒரு விதி எழுதிக் காட்டியது.

அப்படியானால் நல்ல சட்டம் எழுதிவிட்டால் போதுமோ? போதாது என்பதற்குச் சரித்திரமே ஒரு நாடகத்தை நடத்திக் காட்டியிருக்கிறது. பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதார் என ஒதுக்கப்பட்டவர்க்கும் திறந்திருக்க வேண்டும் என்று பம்பாய்ச் சட்டசபை 1923-இல் தீர்மானம் செய்தது. மஹத் நகரசபையும் அதையொட்டி 1924-இல் தன் சவ்தார் குளத்தைத் திறந்துவிட்டதாக அறிவித்தது. அறிவித்ததோடு சரி. குளத்தில் இறங்க ஒருவரும் விடப்படவில்லை. 1927 மார்ச் 20-ஆம் நாள் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் நடந்துபோய் அத்தண்ணீரைக் கையால் அள்ளிக் குடித்தார். அப்பொழுதுதான் அத்தீர்மானம் உயிர் பெற்றது. மேல்சாதியார் கூட்டத்தாரை அடித்தார்கள். குளத்தில் சாணியையும் கோமியத்தையும் கொட்டிப் புனிதப்படுத்தினார்கள். நகரசபையும் பயந்து தன் தீர்மானத்தை ரத்துச் செய்தது. வழக்குப் பத்து ஆண்டு நடந்து, 1937-இல் பம்பாய் ஐக்கோர்ட்டு அம்பேத்கரின் பக்கம் தீர்ப்பளித்தது.

இதனை நாம் இவ்விரண்டு நாடகங்களுக்கும் விமரிசனமாகவே கொள்கிறோம். இப்ஸனிடம் உண்மை இருக்கிறது, மக்கள் இல்லை. கோமலிடம் மக்கள் இருக்கிறார்கள். சட்டம் அவர்கள் கையில் இல்லை. மஹத்தில் மக்கள் சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு குளத்தில் இறங்கினார்கள். காகிதத்தில் கிடந்த சொல்லுக்கு அவர்களுடைய தாகம் கையெழுத்திட்டது. தண்ணீர் அரசியலைப்பற்றி எழுத நினைப்பவர்க்கு இதைக்காட்டிலும் சிறந்த மாதிரி கிடையாது.

இதுவரை எழுதியது படிப்பு. இனிச் சொல்லப்போவது அனுபவம். இதைச் சொல்லாமல் மேற்சொன்னதை மட்டும் அச்சேற்றினால் அது நேர்மையாகாது.

1990-ஆம் ஆண்டில் தொழிலாளர் வீட்டு வசதிக்கென இந்நாட்டில் ஒரு சட்டம் வந்தது. சட்டங்களின் வரிசையில் அதற்கு 446 என்பது எண். தோட்டத்து வீடுகளுக்குப் போதிய குழாய்த் தண்ணீரை முதலாளி இலவசமாகத் தரவேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. 2019-இல் அதனைத் திருத்தி, 2020 முதல் பிற தொழில்களுக்கும் விரித்தார்கள். குடிநீர் எப்படியிருக்க வேண்டும் என்பதற்குச் சுகாதார அமைச்சின் அளவுகள் இருக்கின்றன. 1983 முதலே அவ்வமைச்சு குடிநீர்க் கண்காணிப்புத் திட்டம் ஒன்றை நடத்திவருகிறது. அவ்வளவுகளின்படி சுத்திகரித்த தண்ணீரின் கலங்கல் 5 என்.டி.யு.வைத் தாண்டக்கூடாது. ஆகவே, நம் தோட்டத்து லயத்தில் வாழ்பவருக்குச் சட்டத்தில் குறைவில்லை.

ஆனால், நாம் வேலை செய்த ஒரு தோட்டத்தில் ஓடையிலிருந்து தண்ணீரை இழுத்து மணல் தொட்டியில் வடித்து லயங்களுக்கு விட்டார்கள். மணலை மாற்றிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. மழை பெய்தால் குழாயில் தேநீர் நிறத்தில் தண்ணீர் வரும். மாதந்தோறும் நிரப்பும் பாரத்தில் குடிநீருக்கென ஒரு கட்டம் உண்டு. அதில் 'மெமுவாஸ்கான்' என்று எழுதுவது கிராணியின் வேலை. திருப்திகரம் என்பது அம்மலாய்ச் சொல்லுக்குப் பொருள். நாம் எழுதினோம். நமக்கு முன்னிருந்தவர் எழுதினார். அவருக்கு முன்னிருந்தவரும் எழுதினார். ஆபீசில் நாம் குடித்ததோ வடிகட்டும் இயந்திரத்துத் தண்ணீர்.

ஒரு நாள், உரம் போடும் வேலையில் முப்பது ஆண்டு கழித்த அம்மையார் ஒருவர் ஒரு கண்ணாடிப் புட்டியில் லயத்துத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுவந்து நமது மேசைமேல் வைத்தார். "கிராணியாரே, ஆபீசுக்கு மட்டும் ஏன் வேற தண்ணி?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. விஷயம் தெரியாமல் விசாரிப்பவர் போலவே கேட்டார். "மேலே சொல்லிப் பார்க்கிறேன் அம்மா" என்றோம். அவர் புட்டியை எடுக்காமலே போய்விட்டார். மூன்று நாள் அது மேசையிலேயே இருந்தது. அடியில் ஒரு விரற்கடை உயரத்துக்குச் சேறு படிந்தது. அப்புட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்த மாதத்துப் பாரத்தில் மறுபடியும் 'மெமுவாஸ்கான்' என்று எழுதினோம்.

அன்றிரவு இப்ஸனை மீண்டும் எடுத்தோம். பள்ளிக்கூட நாளில் அந்நூலைப் படித்தபோது நம்மை டாக்டர் ஸ்டாக்மனாகவே எண்ணிக்கொண்டோம். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் எண்ணிக்கொள்வார்கள்போலும். இம்முறை படித்தபோது நமது இடம் தெளிவாகத் தெரிந்தது. நாம் டாக்டர் அல்லோம், தலைவரும் அல்லோம். நாம் ஆஸ்லாக்ஸன்! நல்லவர், மிதமானவர், சங்கத்துக்குச் சந்தா செலுத்துபவர், சீர்திருத்தப் பத்திரிகை வாங்குபவர், செலவு தம் பக்கம் வரும்போது குரல் உயர்த்தாமல் விலகிக்கொள்பவர். தீர்த்தத்தில் கிருமி உண்டு என்று கோயில் வாசலில் நின்று வாதாடியிருக்கிறோம். குழாயில் சேறு உண்டு என்று ஒரு கட்டத்தில் எழுத நமக்குக் கை வரவில்லை.

லயத்தில் இன்று யார் குடியிருக்கிறார்கள் என்பதையும் நினைத்துப் பார்த்தோம். தமிழ்க் குடும்பங்களிற் பல பட்டணங்களுக்குப் போய்விட்டன. மீதமிருப்பவர் சிலர், அவருக்குப் பக்கத்து வீடுகளில் வங்காளதேசத்தாரும் நேப்பாளத்தாரும் இந்தோனேசியரும். இப்ஸனின் தலைவர் பெரும்பான்மையோரின் ஓட்டுக்குப் பயந்தார். இங்கே குழாய்த் தண்ணீரைக் குடிப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே கிடையாது. அவர்கள் வேலை பார்ப்பதற்கான பெர்மிட்டோ வேறொருவர் தயவில் இருக்கிறது. ஆகவே அவர்களுக்கு எஞ்சியிருப்பது அந்தப் பாரத்தின் ஒரு கட்டமே. அதையும் நாம் பொய்யால் நிரப்பிவைத்திருந்தோம்.

அடுத்த மாதம் அக்கட்டத்தில் 'கலங்கல்' என்று எழுதினோம். துரை பார்த்துவிட்டுப் பாரத்தைத் திருப்பி அனுப்பினார். நாம் மாற்றவில்லை, அனுப்பவுமில்லை, மேசை இழுப்பறையில் வைத்துவிட்டோம். இதனை வீரம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பின்னர் அம்மையாரும் லயத்துப் பெண்கள் பதினொருவரும் தொழிலாளர் இலாகாவுக்கு ஒரு கடிதம் அனுப்பினார்கள். அவர்களுடன் அயல்நாட்டுத் தொழிலாளர் இருவரும் கையெழுத்திட்டார்கள். மலாய் மொழியில் அக்கடிதத்தை எழுதிக் கொடுத்தவர் நாமே. சட்டத்தின் எண்ணையும் குறிப்பிட்டோம். அதிகாரி ஒருவர் வந்து பார்த்தார். தொட்டியின் மணல் மாற்றப்பட்டது. குழாயில் தண்ணீர் தெளிந்தது. கடிதம் எழுதியது யார் என்று துரை ஆபீசில் கேட்டபோது நாம் பேரேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மையார்தான், "நாங்கதான் எழுதினோம்" என்றார். கடிதத்தில் எல்லோருடைய கையெழுத்தும் இருந்தது, நம்முடையது இல்லை.

இலக்கிய விமரிசனத்தில் சொந்தக் கதைக்கு என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். இரு நாடகங்களிலும் நாம் கண்ட குறை இந்தச் சொந்தக் கதையில்தான் நமக்கு முழுமையாக விளங்கிற்று. தண்ணீர் அரசியலின் கதாநாயகனாக டாக்டரை இப்ஸன் வைத்தார். ஊராரைக் கோமல் வைத்தார். இருவருக்கும் நடுவில் ஒரு மேசை இருக்கிறது. அதில் ஒரு பாரம் இருக்கிறது. அதனை நிரப்புகிறவன் ஒருவன் இருக்கிறான். சட்டம் உயிரோடு இருப்பதும் செத்துப்போவதும் பெரும்பாலும் அந்த மேசையில்தான். அவன் வில்லன் அல்லன். ஆகையினால் எந்த ஆசிரியரும் அவனை மேடையேற்றுவதில்லை. ஆஸ்லாக்ஸனைச் சிரிப்புக்குரியவராக இப்ஸன் வைத்தது நமக்குத் தப்பித்துக்கொள்ள வழியாயிற்று. அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டு எழுந்து வந்துவிடுகிறோம்.

கெடாவில் எழுத்தாளர்களுக்குப் பஞ்சமில்லை. தோட்டத்துச் சனங்கள் ஊரைவிட்டுக் கொண்டுபோகப்பட்டு வஞ்சிக்கப்பட்ட கதையைச் சுங்கைப்பட்டாணிக் கோ. புண்ணியவான் 'செலாஞ்சார் அம்பாட்' நாவலில் எழுதினார். 1947-இல் பீடோங் வட்டாரத்துத் தோட்டங்களில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளை எதிர்த்து நின்று போலீசாரின் அடியை வாங்கியதைச் சரித்திரம் எழுதுவோர் மறக்கவில்லை. எதைக் குடிப்பது என்பதை அரசியலாக்கிய மண் இது. ஆகையால் தண்ணீரைப்பற்றிய மூன்றாவது நாடகம் இங்கிருந்தே வரவேண்டும் என்று கேட்பது பேராசையாகாது. அதில் மணல் தொட்டி வரட்டும். மூடா ஆறு வரட்டும். சட்டத்தின் எண்ணை மனப்பாடம் செய்த ஒரு பாட்டி வரட்டும். மொழி தெரியாமல் கையெழுத்திட்ட வங்காளதேசத்துப் பிள்ளை வரட்டும். கிராணியும் வரட்டும். அவனைச் சிரிப்புக்கு மட்டும் வைத்துவிட வேண்டாம் என்று எழுதப்போகிறவரை வேண்டிக்கொள்கிறோம். அவன் பேனாவை எடுத்து அக்கட்டத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த ஒரு நிமிஷத்தை மட்டும் காட்டினால் போதும்.

கடைசியாக ஒன்று. இக்கட்டுரை முழுமையும் 'நாம்' என்றே எழுதிவந்தோம். பத்திரிகை மரபு அது என்பது உண்மையே. ஆயினும் அச்சொல்லுக்குப் பின்னால் ஓர் ஆஸ்லாக்ஸன் வசதியாக ஒளிந்துகொள்ளலாம் என்பதையும் எழுத எழுத உணர்ந்தோம். மேற்சொன்ன பாரங்களில் 'மெமுவாஸ்கான்' என்று எழுதியது ஒரே கைதான். அந்தப் புட்டி இன்றும் நம்மிடம் இருக்கிறது. சேறு அடியில் படிந்து, மேலே தண்ணீர் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆட்டிப் பார்த்தால் கலங்கிவிடுகிறது.